அம்மம்மா வீட்டுக்கு மலிவாகப் போவது எப்படி? விமான டிக்கெட் விலையின் உள்கணக்கு

இந்த வார எபிசோடில் அல்கோரிதமும் விலையும் பற்றிக் கதைத்தோம். அதில் நேரம் போதாமல் விட்ட ஒரு விஷயம், விமான டிக்கெட். இன்பாக்ஸில் அதிகம் வந்த கேள்வியும் அதுதான்: "ஊருக்குப் போற டிக்கெட் ஏன் இந்த விலை? மலிவாக எடுக்க ஏதும் வழி இருக்கா?" இருக்கு. ஆனால் அது ட்ரிக் இல்லை, ஒரு கணக்கு. கணக்கு விளங்கினால் மீதி தானாக வரும்.

முதலில், இதை நான் ஏன் படித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் வளர்ந்தது டூட்டிங். எங்கள் வீட்டில் ஊருக்குப் போவது என்றால் ஆகஸ்ட். ஸ்கூல் லீவும் நல்லூர்த் திருவிழாவும் சேர்ந்து வரும். நாலு பேருக்கு டிக்கெட் எடுக்க அம்மா இரண்டு வருஷம் சீட்டுக் கட்டுவார். அதனால் மூன்று, நாலு வருஷத்துக்கு ஒருக்காத்தான் போக முடிந்தது. ஒரு டிசம்பர் இரவு அம்மம்மாவுக்குச் சுகமில்லை என்று போன் வந்தது. அடுத்த நாள் டிக்கெட்டை நாலு பேருக்கு எடுக்க எங்களால் ஏலவில்லை. அம்மா தனியப் போனார். நான் அம்மம்மாவைக் கடைசியாகப் பார்த்தது போன் திரையில்.

பிறகுதான் யோசித்தேன். ஆகஸ்டில் ஒருக்காப் போன காசில் வேறு மாதத்தில் இரண்டு தரம் போயிருக்கலாமோ?

1. விலை ஏன் மாறுகிறது?

இந்தக் கதை தொடங்கியது எங்களுக்குப் பக்கத்தில், ஹீத்ரோவில்தான். 1972இல் பி.ஓ.ஏ.சி. (இன்றைய பிரிட்டிஷ் ஏர்வேய்ஸின் மூதாதை) நிறுவனத்தில் வேலை செய்த கென் லிட்டில்வுட் ஒரு எளிய விதியை எழுதினார். ஒரே விமானத்தில் மலிவு டிக்கெட்டும் விலை கூடிய டிக்கெட்டும் விற்கும்போது, மலிவு விற்பனையை எப்போது நிறுத்துவது? அவருடைய பதில் இது: கூடிய விலையை, அந்த விலைக்கு ஆள் வரும் வாய்ப்பால் பெருக்கு. அந்தத் தொகை மலிவு விலையைவிடக் குறைவாக இருக்கும்வரை மலிவாக விற்றுக்கொண்டே இரு. கூடினால் நிறுத்து.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக மட்டும். மலிவு டிக்கெட் 450 பவுண், கூடியது 900 பவுண்.

ஜூலைக் கடைசி: 900 பவுணுக்கு ஆள் வரும் வாய்ப்பு 90 சதவீதம். 900 × 0.9 = 810. இது 450ஐவிடக் கூட. ஆகவே மலிவு டிக்கெட் மூடப்படும்.

மே நடுப்பகுதி: வாய்ப்பு 30 சதவீதம். 900 × 0.3 = 270. இது 450ஐவிடக் குறைவு. ஆகவே மலிவு டிக்கெட் திறந்தே இருக்கும்.

இவ்வளவுதான். ஆகஸ்ட் டிக்கெட் விலை கூடியிருப்பது, நாங்கள் எப்படியும் வாங்குவோம் என்று அந்தக் கணக்குக்குத் தெரிவதால். செத்தவீட்டுக்குப் போகிறவரும் அப்படியே. நாளைக்கே போக வேண்டும் என்று தேடுபவர் விலை பார்க்காமல் வாங்குவார் என்பது கணக்கின் ஊகம். கணக்குக்கு அம்மம்மாவைத் தெரியாது.

இன்று ஒரு விமானத்தின் எகானமி இருக்கைகளையே பல பெட்டிகளாகப் பிரித்து வைக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் ஆங்கில எழுத்து, ஒரு விலை, ஒரு நிபந்தனை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இருவர் ஒரே இருக்கைக்கு வேறு வேறு விலை கொடுத்திருப்பது இதனால்தான்.

இங்கே ஒரு கட்டுக்கதையையும் முடித்துவிடுவோம். "இரண்டாவது தரம் தேடினால் விலை ஏறும், அதனால் பிரைவேட் விண்டோவில் தேடு" என்று எல்லாரும் சொல்வார்கள். செய்து பாருங்கோ, பாதிப்பில்லை. ஆனால் விலை ஏறியது பெரும்பாலும் உங்கள் குக்கீயால் இல்லை. கீழ்ப் பெட்டி விற்றுத் தீர்ந்திருக்கும், அல்லது தேடுதளம் காட்டியது பழைய விலையாக இருக்கும்.

2. "ஆஃப் சீசன்" என்பது இரண்டு சீசன்

இதுதான் பாடத்தின் நடுப்பகுதி, கவனமாக வாசியுங்கோ. விலைக்கு ஒரு சீசன், வானிலைக்கு ஒரு சீசன். இரண்டும் ஒன்றில்லை. விலை சீசனைத் தீர்மானிப்பது இங்கிலாந்தின் ஸ்கூல் கலண்டரும் பண்டிகைகளும். வானிலை சீசனைத் தீர்மானிப்பது பருவமழை.

இலங்கைக்கு இரண்டு பருவமழை. தென்மேற்குப் பருவம் மே முதல் செப்டம்பர் வரை: கொழும்பு, காலி பக்கம் மழை, கடல் கொந்தளிப்பு. ஆங்கிலப் பயணத் தளங்கள் "மே மாதம் இலங்கைக்குப் போகாதே" என்பது இதை வைத்துத்தான். ஆனால் அதே மாதங்களில் யாழ்ப்பாணமும் திருகோணமலையும் காய்ந்து கிடக்கும். வெயில்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் நிலாவெளிக் கடல் அமைதியாக இருக்கும். கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் வரும். எங்கள் ஊர் வடக்கிலோ கிழக்கிலோ என்றால், உலகம் ஆஃப் சீசன் என்று சொல்லும் மே, ஜூன் எங்களுக்கு நல்ல சீசன்.

வடகீழ்ப் பருவம் இதன் மறுபக்கம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் மழை. நவம்பர் டிக்கெட் மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் காரணத்தோடுதான் மலிவு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை விமான நிலையமே வெள்ளத்தில் மூழ்கிப் பல நாட்கள் மூடிக் கிடந்தது. அந்த மாதத்தில் போவதென்றால் இரண்டு, மூன்று நாள் கூட வைத்துப் போங்கோ.

ஆக, தேட வேண்டிய இடைவெளிகள்: ஈஸ்டர் லீவு முடிந்ததிலிருந்து ஜூன் கடைசி வரை (மே ஹாஃப் டேர்ம் வாரம் தவிர), செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் ஹாஃப் டேர்ம் வரை, ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை. மூன்றாவதில் ஒரு எச்சரிக்கை: அப்போது இலங்கையின் தென்கரைக்கு உல்லாசப் பயணிகள் சீசன், கொழும்பு விலை அவ்வளவு இறங்காது.

வீட்டில் ஸ்கூல் போகும் தம்பி, தங்கை இருந்தால்? டேர்ம் நேரத்தில் கூட்டிக்கொண்டு போனால் இங்கிலாந்தில் 2024 ஆகஸ்ட் முதல் அபராதம் ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு 80 பவுண், 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. "டிக்கெட்டில் மிச்சம் பிடிக்கிறதைவிடக் குறைவுதானே" என்று சில மாமாக்கள் கணக்குப் பார்ப்பார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் யூனி போகிறவர்களே, வேலை செய்கிறவர்களே, உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இருந்தும் பழக்கத்தில் ஆகஸ்டிலேயே போகிறோம்.

3. எப்படித் தேடுவது: ஐந்து படி

படி 1. தேதியைப் போடாமல் தொடங்குங்கோ. கூகுள் ஃபிளைட்ஸில் தேதிக் கட்டமும் விலை வரைபடமும் இருக்கு. ஸ்கைஸ்கேனரில் முழு மாதத்தையும் பார்க்கலாம். மலிவான வாரத்தைக் கண்டுபிடித்த பிறகு லீவு கேளுங்கோ. லீவு எடுத்த பிறகு டிக்கெட் தேடாதேங்கோ.

படி 2. ஹீத்ரோ என்று அடிக்காமல் லண்டன் முழுவதையும் தேடுங்கோ. டூட்டிங்காரருக்குக் கட்விக் தூரமில்லை. பால்ஹமில் ரயில் ஏறி ஈஸ்ட் குரொய்டனில் மாறினால் போதும்.

படி 3. குடும்பமாகப் போனாலும் முதலில் ஒரு ஆளுக்குத் தேடுங்கோ. இது பலருக்குத் தெரியாது. மலிவுப் பெட்டியில் மூன்று இருக்கைதான் மிச்சம், நீங்கள் நாலு பேருக்குத் தேடுகிறீர்கள் என்றால், நாலு பேருக்கும் அடுத்த பெட்டி விலையைத்தான் காட்டும். ஒரு ஆளின் விலை குறைவாக வந்தால், மூன்று டிக்கெட் தனி, ஒன்று தனி என்று எடுக்கலாம். பிரித்து எடுத்தால் ஒரு குறை உண்டு: விமானம் ரத்தானால் உங்களை ஒரே குடும்பமாக அவர்கள் பார்க்க மாட்டார்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பிரிக்க வேண்டாம்.

படி 4. போகும் ஊரும் திரும்பும் ஊரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மல்ட்டி சிட்டி என்பதை அழுத்தி, லண்டன்–கொழும்பு, சென்னை–லண்டன் என்று தேடிப் பாருங்கோ. பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. கொரோனாவில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் அம்மம்மா, சென்னையில் சித்தி என்ற குடும்பங்களுக்கு இது பெரிய வசதி. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் இந்திய விசாவை மறக்க வேண்டாம்.

படி 5. விலை அலெர்ட் போட்டுவிட்டு, உங்களுக்கு ஏற்ற விலையை முதலே எழுதி வையுங்கோ. அந்த விலை வந்தால் வாங்கிவிட்டு, பிறகு பார்ப்பதை நிறுத்துங்கோ. அமெரிக்காவில் போல 24 மணி நேரத்தில் இலவசமாக ரத்து செய்யும் சட்ட உரிமை இங்கே இல்லை. பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடி அடியுங்கோ. எங்கள் பெயர்களின் நீளத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

4. டிக்கெட்டுக்குள் ஒளிந்திருக்கும் வரி

பிரிட்டனிலிருந்து புறப்படும் ஒவ்வொரு பயணிக்கும் விமானப் பயணி வரி உண்டு. இந்தியாவும் இலங்கையும் 2,001 முதல் 5,500 மைல் வரையான பிரிவில் வருகின்றன. எகானமிக்கு 2025 ஏப்ரலிலிருந்து 90 பவுண், 2026 ஏப்ரலிலிருந்து 102 பவுண். மேல் வகுப்புகளுக்கு இரண்டு மடங்குக்கும் மேல்.

இரண்டு விஷயம் கவனியுங்கோ. எகானமியில் போகும் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இந்த வரி இல்லை. டிக்கெட் வாங்கிவிட்டுப் பறக்காமல் விட்டால் அந்த வரி அரசுக்குப் போவதில்லை. ஆகவே அதைத் திருப்பிக் கேட்கலாம், சேவைக் கட்டணம் கழிப்பார்களா என்று மட்டும் பாருங்கோ.

"அப்ப டப்ளினிலிருந்து புறப்பட்டால் வரி இல்லையே?" உண்மை. ஆனால் லண்டன்–டப்ளின் டிக்கெட் தனி. அது தாமதமானால் அடுத்த விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது, காசும் திரும்பாது. 90 பவுணை மிச்சம் பிடிக்கப் போய் முழு டிக்கெட்டையும் இழந்தவர் கதை ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்று இருக்கும்.

5. மலிவா, இல்லை மலிவு மாதிரியா?

ஒருக்கா நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி அம்மாவிடம் போனேன். "அப்பர் டூட்டிங் ரோட்டு ஏஜென்ட் உங்களை ஏமாத்துறார், நான் 60 பவுண் குறைவா எடுத்திட்டன்" என்றேன். அம்மா கேட்டது ஒரே கேள்வி: "எத்தினை கிலோ?"

கைப்பை மட்டும்! சூட்கேஸைச் சேர்த்ததும் ஏஜென்ட் விலையைத் தாண்டிவிட்டது. போகும்போது சொக்லேட்டும் உடுப்பும், வரும்போது மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் கொண்டுவரும் குடும்பத்துக்குக் கிலோ இல்லாத விலை விலையே இல்லை. பெட்டியோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஏஜென்ட் எடுத்துத் தந்தால் தப்பில்லை. சில நேரம் தளங்களில் காட்டாத விலை அவர்களிடம் இருக்கும். ஆனால் மூன்று கேள்வி கேளுங்கோ. ஏட்டோல் சான்றிதழ் தருவீர்களா? (1973இல் தொடங்கிய பாதுகாப்பு இது. விற்றவர் கடையை மூடினாலும் பணத்துக்கு அல்லது பயணத்துக்கு வழி இருக்கும்.) லண்டனிலிருந்து ஊர் வரை ஒரே டிக்கெட்டா? தேதி மாற்ற எவ்வளவு?

ஒரே டிக்கெட் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கு. லண்டனிலிருந்து புறப்பட்டு, வளைகுடாவில் மாறும் விமானத்தைத் தவறவிட்டு, கொழும்புக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போனால், பிழை விமான நிறுவனத்தின் பக்கம் என்றால், 520 பவுண் நட்டஈடு கேட்கலாம். 2017இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. திரும்பி வரும்போது பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் இந்த உரிமை.

இந்த வார வீட்டுப்பாடம்

உங்கள் ஊரின் காய்ந்த மாதங்களை அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டு எழுதுங்கோ. அதன் மேல் ஸ்கூல் லீவுகளை வெட்டிவிடுங்கோ. மிஞ்சும் வாரங்களில் ஒரு ஆளுக்கு, 30 கிலோவோடு, ஒரே டிக்கெட்டில் தேடுங்கோ. வரும் விலையை ஆகஸ்ட் விலைக்குப் பக்கத்தில் எழுதுங்கோ. அந்த இரண்டு எண்ணையும் வீட்டு வட்ஸ்அப் குரூப்பில் போடுங்கோ. மீதியை அவர்கள் கதைப்பார்கள்.

போன வருஷம் நான் மே மாதத்தில் போனேன். திருவிழா இல்லை, சொந்தக்காரக் கூட்டம் இல்லை, நல்லூர் வீதி வெறிச்சோடிக் கிடந்தது. அப்பம்மாவோடு முற்றத்தில் இருந்து மாம்பழம் வெட்டிச் சாப்பிட பத்து நாள் கிடைத்தது. "இந்த நேரத்தில ஏன் ராசா வந்தனீ?" என்று கேட்டார். டிக்கெட் மலிவு என்றேன். சிரித்துவிட்டு, "அப்ப அடுத்த வருஷமும் மலிவாத்தானே இருக்கும்?" என்றார்.

அலெர்ட் போட்டிருக்கிறேன். அடுத்த எபிசோடில் சந்திப்போம்!