அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதி: ஷெல் செய்நிரல்



சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னர் உங்கள் கைக்கு வரும் தேசிய அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள 12 தான இலக்கம் வெறும் தொடரிலக்கம் அல்ல. முதல் 4 தானங்கள் நீங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த 3 தானங்கள் அந்த ஆண்டில் நீங்கள் பிறந்த நாளின் வரிசை. பெண்களுக்கு இந்த நாள் எண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். மீதி 4 தானங்கள் தொடரிலக்கம், கடைசித் தானம் சரிபார்ப்பு இலக்கம். 2016 முதல் இந்த அமைப்பே வழங்கப்படுகிறது. அம்மா, அப்பாவின் பழைய அட்டையில் ஆண்டுக்கு 2 தானங்கள் மட்டுமே இருக்கும். ஆங்கில எழுத்தொன்றுடன் அது முடியும்.

பெரியமடுவில் மாலை வகுப்புக்கு வரும் 40 பேரின் இலக்கங்கள் ஒரு கோப்பில் உள்ளன என்று கொள்வோம். வரிக்கு ஒன்றாக எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொருவரது பிறந்த திகதியையும் பாலையும் பட்டியலிட வேண்டும். ஒரு நாள் பிழைத்தாலும் பட்டியல் பிறப்புச் சான்றிதழுடன் பொருந்தாது. மாந்தை மேற்குப் பிரதேச செயலகத்துக்கு வீணாக ஒரு நடை. ஆகவே இது கவனமாகச் செய்ய வேண்டிய வேலை.

ஷெல் என்றதும் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். இங்கே ஷெல் என்பது, நாம் பதியும் கட்டளையை வாங்கிப் பணிசெயல் முறைமையிடம் கொடுக்கும் மென்பொருள். கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்தால் அது ஷெல் செய்நிரல். லினக்ஸ் உள்ள கணினியில் இதை எழுதிப் பார்க்கலாம். வினாத்தாளில் ஷெல் பற்றி நேரடி வினாவை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் தேர்வு, மீள்செயல், எண்முறைமை ஆகிய மூன்றும் இதற்குள் இருக்கின்றன. கட்டளைப் பெயர்களை இங்கே உச்சரிப்பில் தருகிறேன். பதியும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் பதிக.

முதற்படி, பாடத்தை வெட்டுதல். கட் என்னும் கட்டளைக்கு எத்தனையாம் எழுத்திலிருந்து எத்தனையாம் எழுத்து வரை என்று சொன்னால் அந்தத் துண்டை மட்டும் தரும். 1 முதல் 4 வரை ஆண்டு. 5 முதல் 7 வரை நாள். இதில் சிக்கல் எதுவும் இல்லை.

சிக்கல் அடுத்த படியில்தான். 2009 மார்ச் 1 அன்று பிறந்த ஆண் பிள்ளையின் இலக்கம் 2009061 என்று தொடங்கும். விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஜனவரி 31, பெப்ரவரி 28, மொத்தம் 59. மார்ச் 1 அறுபதாம் நாள் அல்லவா? அட்டையில் ஏன் 61? ஏனெனில் அடையாள அட்டை இலக்கத்தில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 நாள்களாகவே கொள்ளப்படுகிறது. சாதாரண ஆண்டில் 60 என்ற நாள் எண் எவருக்கும் கிடைக்காது.

திகதிக் கணக்குக்கு டேட் என்னும் கட்டளை உண்டு. அதனிடம் "2009 ஜனவரி 1 உடன் 60 நாள்களைக் கூட்டு" என்றால் மார்ச் 2 என்று விடை தரும். கணினி கணக்கில் பிழை விடவில்லை. நாம் கேட்ட கேள்விதான் பிழை. மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்த அனைவருக்கும், லீப் ஆண்டு தவிர, ஒரு நாள் கூடிவிடும். ஜனவரியில் பிறந்தவரை மட்டும் வைத்துப் பரீட்சித்தால் இந்த வழு கண்ணில் படவே படாது. சோதனைத் தரவைத் தெரிவுசெய்யும்போது எல்லைப் பெறுமானங்களையும் எடுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

தீர்வு எளிது. எப்போதும் ஒரு லீப் ஆண்டிலேயே எண்ணி, மாதத்தையும் நாளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, உண்மையான ஆண்டை முன்னால் ஒட்டுக. 2000ஆம் ஆண்டு பொருத்தமானது. அது 400ஆல் வகுபடுவதால் லீப் ஆண்டு. (1900 லீப் ஆண்டு அல்ல.)

1996உம் லீப் ஆண்டுதானே, அதை எடுத்தால் என்ன? எடுக்க வேண்டாம். மின்சாரத் தட்டுப்பாட்டால் 1996 மே 25 அன்று இலங்கையில் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 அன்று அரை மணித்தியாலமும், 2006 ஏப்ரல் 15 அன்று மீதி அரை மணித்தியாலமும் பின்னே கொண்டுவரப்பட்டன. வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் இம்மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே நடந்தது. கணினியோ கொழும்பு நேரத்தை அப்படியே நினைவில் வைத்திருக்கிறது. மே 25 நள்ளிரவு 12 மணி கடிகாரத்தில் இல்லாததால், கொழும்பு நேர வலயத்தில் அத்திகதியை மட்டும் டேட் கட்டளைக்குக் கொடுத்தால் செல்லாத திகதி என்று மறுத்துவிடும். திகதி என்பது கணிதத்தைவிட வரலாற்றுக்கு நெருங்கிய உறவு என்பது கலைப் பட்டதாரியான என் எண்ணம்.

இன்னொரு பொறி உண்டு. ஷெல் தன் கணிப்பில் 0 இல் தொடங்கும் எண்ணை எண்ம எண்ணாக, அதாவது அடி 8 ஆக, எடுத்துக்கொள்ளும். 061 என்றால் 6 × 8 + 1 = 49. மார்ச் 1 பெப்ரவரி 18 ஆகிவிடும்! 089 என்றால், எண்மத்தில் 8உம் 9உம் இல்லாததால், வழுச் செய்தி வரும். இரண்டில் வழுச் செய்தியே நல்லது. மற்றது சத்தமில்லாமல் பிழைக்கும். பெண் பிள்ளைகளின் எண் 500க்கு மேல் என்பதால் அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏப்ரல் 8 வரை பிறந்த ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே. பாஷ் என்னும் ஷெல்லில் எண்ணுக்கு முன்னால் 10# என்று சேர்த்து 10#061 என எழுதினால் தசமமாகவே எடுத்துக்கொள்ளும்.

போலிக்குறிமுறை:

கோப்பில் வரி உள்ளவரை
  இலக்கத்தை வாசி
  ஆண்டு = தானம் 1 முதல் 4
  நாள் = தானம் 5 முதல் 7 (தசமமாக)
  நாள் > 500 எனின்
    பால் = "பெண்"
    நாள் = நாள் − 500
  இன்றேல்
    பால் = "ஆண்"
  முடிவு எனின்
  திகதி = 2000 ஜனவரி 1 + (நாள் − 1)
  ஆண்டு, திகதியின் மாதம், திகதியின் நாள், பால் ஆகியவற்றைக் காட்டு
மீள்செயல் முடிவு

அதே பட்டியலுக்கு 40 புகைப்படங்களும் தேவை என்றால்? பலர் பிஎன்ஜி கோப்பின் பெயர் நீட்சியை ஜேபெக் என்று மாற்றிவிட்டு "மாற்றிவிட்டேன்" என்பார்கள். பெயர் மாறினால் உள்ளடக்கம் மாறாது. பிஎன்ஜி கோப்பின் முதல் பைற்று 137, ஜேபெக் கோப்பின் முதல் இரு பைற்றுகள் 255, 216. ஃபைல் என்னும் கட்டளை இவற்றைப் பார்த்து உண்மை வகையைச் சொல்லிவிடும். உண்மையாக மாற்ற இமேஜ்மெஜிக் போன்ற மென்பொருளை மேலுள்ளது போன்ற மீள்செயலுக்குள் அழைக்க வேண்டும். மூலப் படங்களை அழிக்காதீர்கள். ஜேபெக் சுருக்கத்தில் இழந்த விவரம் திரும்பி வராது. கோப்புப் பெயராக அடையாள அட்டை இலக்கத்தை வைக்கவும் வேண்டாம். அதை வாசித்துப் பிறந்த திகதி அறிய இப்போது உங்களுக்கே தெரியும்.

பயிற்சி

பின்வருமாறு தொடங்கும் இலக்கங்களுக்குரிய பால், பிறந்த திகதி ஆகியவற்றைக் கையால் கணிக்க.
(அ) 2010732
(ஆ) 2008060
(இ) (ஆ)வில் 10# சேர்க்காவிட்டால் கிடைக்கும் பிழையான விடை யாது?

விடை
(அ) பெண், 2010 ஓகஸ்ட் 19. (732 − 500 = 232; யூலை முடிவு வரை 213.)
(ஆ) ஆண், 2008 பெப்ரவரி 29.
(இ) எண்மம் 060 = தசமம் 48; எனவே 2008 பெப்ரவரி 17.