மெட்ரோ நிலையத்துக்குச் சிற்றுந்து: கடைத்தெரு அறிய வேண்டிய கணக்கு

கோத்தவால்சாவடியிலிருந்து 1996-ல் கோயம்பேட்டுக்கு இடம் பெயர்ந்த நம்மவர்களுக்கு, பாதை திரும்பும் பக்கமே வியாபாரமும் திரும்பும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே மாறியபின் கோயம்பேட்டுப் பேருந்து நிலையத்தை நம்பிக் கடை வைத்தவர்களைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள். ஆகவே, மெட்ரோ நிலையங்களுக்கு விடப்படும் இணைப்புச் சிற்றுந்துகள் எந்தத் தெரு வழியாகப் போகின்றன, ஏன் அப்படிப் போகின்றன என்பதை வணிகர்களாகிய நாம் தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

சென்னையில் மெட்ரோ ரயில் 2015 ஜூன் 29-ல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. ரயில் விரைவாகத்தான் போகிறது. ஆனால் அது தெருவுக்குள் வராது. நிலையத்திலிருந்து அரை கிலோமீட்டர் என்றால் ஜனங்கள் நடந்து விடுவார்கள். கையில் ஐந்து கிலோ அரிசிப் பையும் எண்ணெய் டின்னும் இருந்தால் அதுவும் நடக்க மாட்டார்கள். இரண்டு, மூன்று கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு ஷேர் ஆட்டோ, அல்லது சொந்த ஸ்கூட்டர். அந்த இடைவெளியை நிரப்புவதுதான் இணைப்புப் பேருந்தின் வேலை. பெரிய பேருந்து நுழைய முடியாத தெருக்களுக்காக மாநகர் போக்குவரத்துக் கழகம் 2013 அக்டோபரிலேயே சிற்றுந்துகளை விட்டது. ‘எஸ்’ என்ற எழுத்தில் தொடங்கும் தட எண்களை நாம் பார்த்திருக்கிறோம்.

தடம் வகுப்பது எப்படி? நமக்குப் புரியும்படி சொன்னால், மொத்த வியாபாரி லைன் வண்டி அனுப்புவது போலத்தான். ஒரு வண்டி ஒரு நாளில் எத்தனை கடை பார்க்கும், எங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்று கணக்குப் போட்டுத்தானே லைன் பிரிக்கிறோம்? அதே கணக்கு இங்கும்.

நாலு கிலோமீட்டர் தடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தெருக்களில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம் என்றால் போக 20 நிமிடம், வர 20 நிமிடம். இரு முனைகளிலும் ஐந்தைந்து நிமிடம் நிற்க வேண்டும். ஆக ஒரு சுற்றுக்கு 50 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வேண்டுமானால் ஐந்து வண்டிகள் தேவை. இது சாதாரண வகுத்தல்.

இப்போது நம் கடைத்தெருவைப் பார்ப்போம். காலை ஒன்பது மணிக்கு ஒரு லோடு வண்டி சாலையோரம் நின்று மூட்டை இறக்குகிறது. எதிர்ப்பக்கம் ஒரு குட்டியானை. சிற்றுந்து போகும்போது ஐந்து நிமிடம், வரும்போது ஐந்து நிமிடம் தாமதம். சுற்று 60 நிமிடமாகி விடுகிறது. இனி அதே பத்து நிமிட இடைவெளிக்கு ஆறாவது வண்டி வேண்டும். அது கிடைக்காது. அப்போது 12 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று ஆகிறது. அதுவும் காகிதத்தில்தான். தாமதம் எல்லா நடைக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. இரண்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டு, பிறகு அரை மணி நேரம் ஒன்றும் வராமல் போகும். நிலைய வாசலில் நிற்கும் வாடிக்கையாளர் இரண்டு நாள் பார்ப்பார். மூன்றாம் நாள் ஸ்கூட்டரில் போவார். போகும் வழியிலுள்ள வேறு கடையில் சாமான் வாங்கிக்கொள்வார். பேருந்து சரியில்லை என்று கழகத்தைக் குறை சொல்கிறோம். அந்த ஆறாவது வண்டியை விழுங்கியது நம் மூட்டைகள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது, “எங்கள் தெரு வழியாகவும் விடுங்கள்” என்ற கோரிக்கை. இதில் நாமும் கையெழுத்துப் போட்டவர்கள்தான். வண்டியில் தெருவைத் தாண்டிப் போகிறவர் 15 பேர். வளைந்து வர நாலு நிமிடம் கூடுதல் என்றால் அவர்களுக்கு 60 நிமிடம் நஷ்டம். அந்தத் தெருவில் இறங்குகிறவர் ஆறு பேர்; ஐந்து நிமிட நடை மிச்சம் என்றால் 30 நிமிடம் லாபம். கட்டுப்படியாகாத சரக்கு. அங்கே 15 பேர் இறங்கினால் லாபம் 75. அப்போது கேட்பது நியாயம். ஆகவே, மனு எழுதுமுன் எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஒரு பக்கமாகவே சுற்றி வரும் வட்டத் தடம் வரைபடத்தில் அழகாக இருக்கும். நிலையத்திலிருந்து ஐந்து நிமிடத்தில் வந்தவர், திரும்பிப் போக மீதி வட்டம் முழுவதும் சுற்ற வேண்டும். போன வழியே திரும்பி வரும் தடமே மேல்.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். அலுவலகம் போகிறவர்களை மனதில் வைத்து வகுத்த தடத்தில் கடைசி வண்டி எட்டு மணிக்கு, எட்டரைக்கு முடிந்துவிடும். நம் கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் கல்லா முடித்து வெளியே வர ஒன்பதரை. ரயில் இருக்கிறது, ரயிலுக்குப் போக வண்டி இல்லை. ஒன்பதரைக்குப் பிறகு இரண்டே நடை கூடுதலாக விட்டால் போதும். ஆனால் இதை நாம் கேட்காமல் வேறு யாரும் கேட்கப் போவதில்லை.

இரண்டாம் கட்ட மெட்ரோவில் மாதவரம்–சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி, மாதவரம்–சோழிங்கநல்லூர் என மூன்று வழித்தடங்கள் உண்டு. அவ்வழிகளில் கடை வைத்துள்ள உறுப்பினர்கள் ஒரு சனிக்கிழமை, ஒரு வேலை நாள், இரண்டிலும் காலை 8 முதல் 10 வரையும் இரவு 8 முதல் 10 வரையும் தங்கள் தெரு முனையில் ஏறி இறங்குவோரை எண்ணி எழுதுங்கள். கடைப் பையன் ஒருவனும் ஒரு நாற்பது பக்க நோட்டும் போதும். லோடு இறக்குவதைக் காலை ஏழரைக்குள் முடித்துக்கொள்கிறோம் என்று தெருக் கடைக்காரர்கள் அனைவரும் கையெழுத்திட்ட தாளையும் அதனுடன் இணைத்தால், மனுவோடு அதிகாரிகளைப் பார்க்கும்போது நாம் வெறுங்கையோடு போகவில்லை என்று ஆகும்.