கன்றீன்ற பசுக்களுக்கு உண்டாகும் பால் ஜுரம்

குச்சனூர் முதலிய முல்லைப் பெரியாற்றுப் பாசனக் கிராமங்களில், நெல்லோடு பாலையும் வரும்படியாகக் கொண்ட மிராசுதார்கள், நன்றாகக் கறக்கும் கலப்பினப் பசு கன்றீன்ற மறுநாளே எழமாட்டாமல் படுத்துவிடக் கண்டிருக்கலாம். கண்ணேறு என்பாரும் வாதம் என்பாரும் உண்டு. உண்மையில் இது பால் ஜுரம் என்னும் வியாதியாகும். பெயரில் ஜுரம் இருப்பினும் உடம்பில் ஜுரமில்லை; காதுகள் சில்லிட்டிருக்கும்.

பசுவின் இரத்தநீரில் ஒரு சமயத்தில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், சுமார் 3 கிராமே. பத்து லிட்டர் சீம்பாலிலோ 20 கிராமுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. எலும்பிலிருந்தும் தீனியிலிருந்தும் அக்குறையை உடனே நிரப்பிக்கொள்ளமாட்டாத பசுவே விழுகிறது. மூன்றாம் ஈற்றிலிருந்து இப்பயம் அதிகம். ஜெர்ஸிக் கலப்பில் பின்னும் அதிகம். சொற்பமாய்க் கறக்கும் நமது மலைமாட்டில் இதைக் காண்பது அரிது.

பெரும்பாலும் ஈன்ற மூன்று தினங்களுக்குள் இது தோன்றும். முதலில் பின்னங்கால்கள் தள்ளாடும். பிறகு பசு படுத்து, கழுத்தை மடக்கித் தலையை விலாவின்மேல் சாய்த்துக்கொள்ளும். மூக்கு உலரும், சாணம் நிற்கும். அசிரத்தையாய் விட்டால் சில மணி நேரத்தில் நினைவிழந்து இறத்தலுங்கூடும்.

டென்மார்க்கில் ஷ்மிட் என்னும் கால்நடை வைத்தியர் 1897-இல் மடிக்குள் மருந்துநீர் செலுத்திப் பல பசுக்களைப் பிழைப்பித்தார். பின்னர் வெறுங்காற்றை ஏற்றினாலும் அக்குணமே கிடைத்தது. மடி புடைத்துப் பால் சுரப்பது நின்றதே காரணம் என்பது, 1925-இல் இரத்தத்தில் கால்சியம் குறைவது கண்டறியப்பட்ட பிறகு விளங்கிற்று. காற்றேற்றினால் மடிநோய் வருமாதலால் இன்று அது வேண்டியதில்லை. கால்சியம் போரோகுளுக்கோனேட் மருந்தை நரம்பில் மெதுவாய் ஏற்றினால், விழுந்த பசு அன்றே எழுந்து நிற்பது சகஜம். வேகமாய் ஏற்றினால் இருதயம் நின்றுபோகும். ஆதலின் இது வைத்தியர் கைக்கே உரியது.

அவர் வருமளவும் பசுவை ஒருக்களித்துக் கிடக்க விடலாகாது. வைக்கோல் திணித்த சாக்குகளை அண்டை கொடுத்து, நெஞ்சு தரையிற் படியும்படி நிமிர்த்தி வைக்க வேண்டும். மூங்கிற் குழாயால் கஷாயமோ எண்ணெயோ புகட்டுவது நம் பக்கத்து வழக்கம். விழுங்கும் சக்தியற்ற பசுவுக்கு அது நுரையீரலில் இறங்கிவிடும். வியாதியைக் காட்டிலும் இவ்வழக்கம் கொடிது என்பேன். 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அறிவித்து நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைத் தருவிக்கலாம். கிராம அதிகாரிகள் இவ்வெண்ணைப் பொதுவிடத்தில் எழுதிவைப்பது நலம்.

எழுந்த பசு மறுபடி விழுவதுமுண்டு. ஆகவே முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறவாமல், கன்றுக்கு வேண்டியதை மட்டும் கறக்க வேண்டும். சினையின் கடைசி மூன்று வாரங்களில் சுண்ணாம்புச் சத்தையும் குதிரைமசாலையும் தாராளமாய்க் கொடுப்பது விபரீதம்: எலும்பிலிருந்து சத்தை எடுக்கும் பழக்கம் உடம்புக்கு இல்லாமற் போய்விடும். அக்காலத்தில் சோளத்தட்டையும் வைக்கோலும் மிகுத்து, ஈன்ற நாள்தொட்டுத் தாது உப்புக் கலவையைத் தொடங்குக.