சங்கக் கணக்கும் நிர்வாகக் குழுவின் கடமையும்

தில்லி ஆர்.கே.புரம் அரசு ஊழியர் குடியிருப்புகளால் உருவான பகுதி. 1946இல் தொடங்கப்பட்ட தில்லித் தமிழ்ச் சங்கத்தின் கட்டடமும், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும், 1973இல் குடமுழுக்குக் கண்ட மலை மந்திரும் இங்குள்ளன. பணியிட மாற்றத்தால் மனிதர் வந்து போகும் இத்தகைய இடத்தில் ஓர் அமைப்பு நிலைக்க வேண்டுமாயின், பொறுப்பு ஒழுங்காகக் கைமாற வேண்டும். புதிதாகச் சங்கம் தொடங்க விரும்பும் வாடிக்கையாளர்கள் முதலில் சிந்திக்க வேண்டியது இதையே.

1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி, குறைந்தது ஏழு பேர் சேர்ந்து சங்கத்தைப் பதிவு செய்யலாம். நோக்கங்களைக் கூறும் அமைப்புக் குறிப்பும், நடைமுறையைக் கூறும் விதிமுறைகளும் தேவை. அறங்காவலர்களிடம் ஒப்படைக்கப்படாத சொத்து நிர்வாகக் குழுவின் பொறுப்பில் இருப்பதாகச் சட்டம் கருதுகிறது. சங்கம் கலைக்கப்பட்டாலும், கடன் தீர்த்து எஞ்சும் பணத்தை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ள இயலாது. ஆகவே காசோலையில் கையொப்பமிடுபவர் பணத்தின் காவலரேயன்றி உரிமையாளர் அல்லர்.

விதிமுறைகளில் நான்கு செய்திகளைத் தெளிவாக எழுதிவைத்தல் நலம்: குழுவின் பதவிக்காலம், கூட்டத்திற்குத் தேவையான குறைந்தபட்ச வருகை, இடையில் காலியாகும் பதவியை நிரப்பும் முறை, கணக்கை இயக்கும் அதிகாரம். அனைவரும் ஒரே ஆண்டில் விலகாமல், ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கினர் விலகுமாறு அமைத்தால் அனுபவமும் புதுமையும் சேர்ந்திருக்கும். தலைவரும் பொருளாளரும் ஒரே குடும்பத்தினராக இருப்பதைத் தவிர்க்க வேண்டும்.

கணக்கு சங்கத்தின் பெயரிலும் அதன் நிரந்தரக் கணக்கு எண்ணிலும் தொடங்கப்பட வேண்டும்; எக்காரணம் கொண்டும் செயலாளரின் சொந்தக் கணக்கில் நன்கொடை பெறலாகாது. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவருள் எவரேனும் இருவர் கையொப்பமிடும் ஏற்பாடு சிறந்தது. ஒருவர் வெளியூர் சென்றாலும் தமிழ் வகுப்பு ஆசிரியரின் மாதச் சம்பளம் தடைப்படாது; ஒருவரே தனித்துப் பணம் எடுக்கவும் வழியிராது.

ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டம் நடந்த 14 நாள்களுக்குள், குழுவினரின் பெயர், முகவரி, தொழில் அடங்கிய பட்டியலைப் பதிவாளரிடம் அளிக்குமாறு சட்டத்தின் நான்காம் பிரிவு பணிக்கிறது. பலரும் இதை வெறும் சடங்காக எண்ணி விட்டுவிடுகின்றனர். பிற்காலத்தில் இரு தரப்பினர் தாமே உண்மையான குழுவினர் என்று வங்கிக்கு எழுதும்போதுதான் அதன் அருமை விளங்கும். யார் குழுவினர் என்பதற்குச் சான்று இல்லாவிடில், பணத்தைக் காக்கும் பொருட்டுக் கணக்கின் இயக்கத்தை வங்கி நிறுத்திவைக்க நேரிடும். வழக்கு முடியும்வரை துன்புறுவோர் பூசலிட்டவர்கள் மட்டுமல்லர். சங்கத்தை நம்பிய மாணவரும் பணியாளருமே.

எனவே தேர்தல் முடிந்தவுடன் மூன்று பணிகளை முடித்துவிடுங்கள். புதிய குழுவின் பட்டியலைப் பதிவாளரிடம் அளியுங்கள். கையொப்ப அதிகாரம் பற்றிய தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பேட்டில் பதிந்து, அதன் சான்றளித்த நகலை வங்கிக் கிளையில் சேர்ப்பியுங்கள். காசோலைப் புத்தகம், இணையவழிச் சேவையின் பயனர் உரிமை, பதிவுபெற்ற கைப்பேசி எண் ஆகியவற்றை முந்தைய பொறுப்பாளர்களிடமிருந்து எழுத்து மூலம் பெற்று மாற்றிக்கொள்ளுங்கள். ஒற்றுமை நிலவும் நாளில் இவை எளிதில் முடியும். பிணக்கு எழுந்தபின் ஒவ்வொன்றும் வழக்காகும்.