எல்கைப் பந்தயத்துக்குக் குதிரை வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

காவிரிப் பாசனப் பகுதியில் பொங்கலையொட்டி நடைபெறும் எல்கைப் பந்தயங்களில் மாட்டு வண்டிகளுடன் குதிரை வண்டிகளும் ஓடுவதை நாம் அறிவோம். திருக்கடையூரில் காணும் பொங்கலை முன்னிட்டு நடக்கும் பந்தயம் இவற்றுள் பெயர் பெற்றது. சுவாமிமலை வட்டாரத்து விவசாயிகளில் இதில் ஆர்வம் கொண்டு குதிரை வாங்க எண்ணுவோருக்குச் சில செய்திகளைக் கூற விரும்புகிறோம்.

ஈரோடு மாவட்டம் அந்தியூரில், குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவின்போது கூடும் சந்தைக்குக் கத்தியவார், மார்வார் இனக் குதிரைகள் விற்பனைக்கு வருகின்றன. ஆடி மாதமோ விதைக்கும் உழவுக்கும் கைப்பணம் தேவைப்படும் காலம். அப்பணத்தைக் கொடுத்து ஏமாந்தால், நஷ்டம் பந்தயத்தோடு நில்லாது, சாகுபடியையும் பாதிக்கும்.

சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு உருவிலேயே குறைகளைத் தேடித் திருத்துகின்றனர். அதில் விட்ட குறை வார்ப்பிலும் தெரியும் என்பது அவர்கள் அறிந்ததே. குதிரையின் குறையையும் வாங்குமுன்னரே காண வேண்டும்.

வயது: முன்பற்களில் நடு இணை ஏறத்தாழ 2½ வயதிலும், அடுத்த இணை 3½ வயதிலும், ஓர இணை 4½ வயதிலும் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கின்றன. 5 வயதில் வாய் நிறைந்துவிடும். எலும்பு முதிராத குட்டியைப் பூட்டி விரட்டினால் கால் கெடும். ஆகவே வாய் நிறைந்த குதிரையே பந்தயத்துக்கு ஏற்றது.

கால்: சுழி பார்ப்பது நம்மவர் வழக்கம், விரும்புவோர் பார்க்கட்டும். ஆனால் ஓடுவது சுழி அன்று, கால். நான்கு குளம்புகளையும் தூக்கி, வெடிப்பும் துர்நாற்றமும் உள்ளனவா என்று நோக்குக. முழங்காலுக்குக் கீழே தசைநாரைத் தடவி, சூடோ வீக்கமோ இருக்கிறதா என்று இரு கால்களையும் ஒப்பிடுக. பின்னர்க் கெட்டியான தரையில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்து மெல்ல ஓடச் செய்க. முன்கால் நோயுள்ள குதிரை, அக்கால் தரையில் படும்போது தலையை உயர்த்தும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். சில நொண்டல்கள் உடல் சூடேறியதும் மறைந்துவிடுவதுண்டு. ஆகவே ஓட்டிக் களைத்த குதிரையைப் பார்த்து முடிவு செய்யலாகாது. ஓய்வில் நின்ற குதிரையைப் பார்க்க வேண்டும்.

மூச்சும் குணமும்: ஓய்வில் இருக்கும் குதிரை நிமிஷத்துக்கு 8 முதல் 16 தடவை மூச்சு விடும். ஓடி நின்ற பின் மூச்சு விரைவில் தணிய வேண்டும். நம் கண்ணெதிரே வண்டியில் பூட்டச் சொல்லி, கூட்டத்துக்கும் மேளத்துக்கும் மிரளுகிறதா என்று அறிதல் அவசியம். வேகம் மிக்கதாயினும், கைக்கு அடங்காத குதிரை சாலையோரம் நிற்போருக்கு ஆபத்து.

நோய்: கிளாண்டர்ஸ் என்னும் கொடிய தொற்றுநோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் பரவக்கூடியது. ஈக்கள் கடிப்பதால் பரவும் சர்ரா நோயும் உண்டு. இவ்விரண்டையும் இரத்தப் பரிசோதனையால் அறியலாம். ஆதலால் கால்நடை மருத்துவரிடம் காட்டிய பின்னரே முழுத் தொகையைக் கொடுப்பது நலம்.

வீடு வந்த பின்: தீனியைத் திடீரென மாற்றலாகாது. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. வயிற்று வலி உயிருக்கே உலை வைக்கும். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வைக்கோலைத் தவிர்க்க வேண்டும். நமது களிமண் ஈரத்தில் குளம்பு அழுகும். ஆகவே மேடான, உலர்ந்த கொட்டகை தேவை. ரணஜன்னித் தடுப்பூசியும் போட வேண்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் இதில் கடமை உண்டு. அடித்துத் துன்புறுத்துவதும் அளவுக்கு மீறி ஓட்டுவதும் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். தம் ஊரில் பந்தயம் நடக்குமாயின், உரிய அனுமதியும் கால்நடை மருத்துவர் சோதனையும் உண்டா என அவர்கள் முதலில் கேட்க வேண்டும். பரிசு பெறும் குதிரை ஒன்றே. ஓடிய குதிரைகள் யாவும் நலமாக வீடு திரும்புதலே ஊருக்குப் பெருமை.