கொட்டகைக்கு வைஃபை: முதலில் தூரத்தை அளந்து பாருங்கள்

மலாக்காவில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கம் நிலத்தோடு இருக்கும் வீடுகளில் பின்னால் தனியாக ஒரு சின்னக் கட்டடம் நிற்கும். ஒரு வீட்டில் அது மாட்டுக் கொட்டகை. இன்னொன்றில் டியூஷன் அறை, தையல் அறை, அல்லது கேட்டரிங் சமையற்கட்டு. முன்கூடத்தில் வைஃபை நன்றாக இருக்கும். பின்னால் போனால் வகுப்பு பாதியில் அறுந்துவிடும், கேமரா படம் நின்றுவிடும். உடனே பலரும் ஒரு ரிப்பீட்டரை வாங்கிக் கொட்டகைக்குள் செருகுகிறார்கள். பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

கொட்டகைவரை கொண்டுபோக வேண்டியது கேபிள். வைஃபையைக் கொட்டகைக்குள் புதிதாகப் பரப்பிக்கொள்ளலாம். கேபிள் போக வழியே இல்லாதபோதுதான் காற்று வழியை நாட வேண்டும்.

2019இல் தெனாகா நேஷனல் தன் மின்கம்பங்கள் வழியே பைபர் இணையம் கொடுக்கும் முன்னோட்டத் திட்டத்தை ஜாசினில்தான் நடத்தியது. 2020இல் அரசாங்கம் இணைய வசதியை மேம்படுத்தும் ஜெண்டேலா திட்டத்தை அறிவித்தது. இப்படி பைபர் பல வீடுகளின் வாசல்வரை வந்துவிட்டது. வாசலிலிருந்து பின்கட்டுவரை உள்ள தூரம் நம் பொறுப்பு. அதை ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை.

சிக்னல் எங்கே தொலைகிறது?

பைபர் பெட்டியை வழக்கமாக முன்கூடத்தில் மாட்டியிருப்பார்கள். அங்கிருந்து கொட்டகைக்குப் போகும் வழியில் இரண்டு மூன்று செங்கல் சுவர், குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் குறுக்கே நிற்கும். கொட்டகையின் சுவரும் கூரையும் தகரமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். உலோகம் ரேடியோ அலையைத் திருப்பி அடித்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சீக்கிரம் தளர்ந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, கொஞ்சம் கூடுதலாக எட்டும்.

முதல் வேலைக்குச் செலவே இல்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபை அனலைசர் என்ற இலவசச் செயலியை இறக்கிக்கொண்டு, கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்று பாருங்கள். மைனஸ் 67 டிபிஎம் அல்லது அதைவிட நல்ல அளவு காட்டினால் வீடியோ வகுப்புக்குப் போதும். மைனஸ் 80ஐத் தொட்டால் அங்கே எதுவும் நிலைக்காது.

பைபர் பெட்டியும் ரௌட்டரும் தனித்தனியாக இருந்தால், இரண்டுக்கும் நடுவில் நீளமான லேன் கேபிள் போட்டு, ரௌட்டரை மட்டும் பின்பக்க ஜன்னல் ஓரத்துக்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். கொட்டகை முப்பது நாற்பது அடிக்குள் இருந்து, அதன் சுவர் பலகையாகவும் இருந்தால் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடலாம்.

ரிப்பீட்டர் வாங்கியே ஆக வேண்டுமென்றால் அதைக் கொட்டகைக்குள் வைக்காதீர்கள். வீட்டின் பின்சுவர் ஓரம், சிக்னல் இன்னும் பலமாக உள்ள இடத்தில் வையுங்கள். தனக்குக் கிடைப்பதைத்தான் அது திருப்பிக் கொடுக்கும். ஒரே ரேடியோவில் வாங்கவும் கொடுக்கவும் செய்யும் வகையாக இருந்தால் வேகமும் பாதியாகிவிடும்.

நூறு மீட்டருக்குள்: லேன் கேபிள்

லேன் கேபிள் 100 மீட்டர்வரை, அதாவது ஏறத்தாழ 330 அடிவரை, வேகம் குறையாமல் வேலை செய்யும். பெரும்பாலான வீட்டு நிலத்துக்கு இது தாராளம். வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். வெளிப்புறத்துக்கென்றே செய்த, வெயில் தாங்கும் கறுப்பு உறையுள்ள கேட் 6 கேபிளாக இருக்க வேண்டும். உள்ளே முழுச் செம்பாக இருக்க வேண்டும். கம்பி நுனியைக் கத்தியால் சுரண்டுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம்.

கேபிளை ஓரடிக்கும் குறையாத ஆழத்தில், குழாய்க்குள் விட்டுப் புதையுங்கள். கறுப்புப் பாலி பைப் போதும். மண்வெட்டி படும் இடம், மாடு மிதிக்கும் இடம், லோரி திரும்பும் இடம் எல்லாவற்றையும் தவிர்த்து வழி பாருங்கள். கரண்டுக் கேபிளும் அதே வழியில் போனால் இரண்டுக்கும் இடையே ஓரடி இடைவெளி விடுங்கள். குழாய்க்குள் ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்துவிட்டால், பிறகு இன்னொரு கேபிள் இழுக்கத் தோண்ட வேண்டியிருக்காது.

கொட்டகைக்குள் ஓர் ஆக்ஸஸ் பாயிண்ட், அதாவது கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் பெட்டி, வையுங்கள். இணையக் காண்டிராக்ட் மாறியபோது வீட்டில் தங்கிவிட்ட பழைய ரௌட்டர்கூட இதற்கு உதவும். அதில் ஆக்ஸஸ் பாயிண்ட் மோட் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அதன் முகவரியை மாற்றுங்கள்: வீட்டு ரௌட்டர் 192.168.0.1 என்றால் இதற்கு 192.168.0.2 கொடுக்கலாம். பிறகு சாதனங்களுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி வசதியை அணைத்து, கேபிளை அதன் லேன் துளையில் செருகுங்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் சேனல் வேறாக இருக்கட்டும்: வீட்டுக்கு 1 என்றால் கொட்டகைக்கு 6 அல்லது 11.

கொட்டகையில் கரண்டு இல்லையென்றால், பிஓஇ வசதியுள்ள ஆக்ஸஸ் பாயிண்டோ கேமராவோ வாங்குங்கள். அதற்கு வேண்டிய மின்சாரமும் லேன் கேபிளிலேயே போய்விடும். விளக்கு, மின்விசிறி வேண்டுமென்றால் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரைப் புல்மேல் இழுத்துக் கரண்டு கொடுப்பது உயிருக்கு ஆபத்து.

இடி விழும் நாட்டில்

மலாக்காவில் இந்த வேலைக்குப் பெரிய எதிரி இடி மின்னல். பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை நேரத்து இடியை நாம் எல்லாரும் அறிவோம். வீட்டுக்கும் கொட்டகைக்கும் தனித்தனி எர்த் இருக்கும்போது, அருகில் மின்னல் இறங்கினால் இரண்டு இடத்து மண்ணின் மின்னழுத்தமும் ஒன்றாக இருக்காது. நடுவில் செம்புக் கேபிள் இருந்தால் அந்த வித்தியாசம் அதன் வழியே பாய்ந்து, இரண்டு பக்கத்துப் பெட்டிகளையும் எரித்துவிடும்.

ஆகவே லேன் கேபிள் போட்டால் இரு முனையிலும் சர்ஜ் புரொடெக்டர் வைத்து, ஒவ்வொன்றையும் அந்தந்தக் கட்டடத்து எர்த்தோடு சேர்க்கச் சொல்லுங்கள். நேரே விழும் மின்னலை அதுவும் தாங்காது. வானம் இருட்டும்போதே கரண்டு பிளக்கோடு லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள். கரண்டை மட்டும் அணைத்துவிட்டுக் கேபிளை அப்படியே விடுவதால்தான் பல ரௌட்டர்கள் போகின்றன.

நிலம் திறந்தவெளியாக இருந்தால், அல்லது தூரம் நூறு மீட்டரைத் தாண்டினால், நான் பைபரைத்தான் பரிந்துரைப்பேன். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. இரு முனையிலும் லேனையும் பைபரையும் இணைக்கும் ஒவ்வொரு மீடியா கன்வெர்ட்டர், நடுவில் தொழிற்சாலையிலேயே முனை கட்டி வந்த பைபர் கேபிள்; அவ்வளவுதான். தாங்குவதற்காகக் கூடவே வரும் இரும்புக் கம்பியைச் சுவருக்கு வெளியே கொக்கியில் கட்டி நிறுத்திவிடுங்கள், உள்ளே கொண்டுவர வேண்டாம். பைபர் கேபிளைக் கூர்மையாக மடித்தால் இழை ஒடிந்துவிடும்.

தோண்டவே முடியாத இடத்தில்

நடுவில் சாலையோ அல்லூரோ இருக்கலாம். லயத்து வீடாக இருந்தால் நிலம் தோட்ட நிர்வாகத்துடையது. அனுமதி இல்லாமல் தோண்டக்கூடாது. தெனாகா, தொலைபேசிக் கம்பங்களில் நம் கேபிளைக் கட்டவே கூடாது. இப்படிப்பட்ட இடங்களுக்கு ஒன்றையொன்று நேராகப் பார்க்கும் இரண்டு வெளிப்புற ஆன்டெனாக்கள், அதாவது வயர்லெஸ் பிரிட்ஜ், பொருந்தும். எம்சிஎம்சி, சிரிம் முத்திரை உள்ள சாதனத்தையே வாங்குங்கள்.

ஓர் ஆன்டெனாவின் பக்கத்தில் நின்றால் மற்றொன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது மட்டும் போதாது. 200 மீட்டர் தூரத்துக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் இணைப்பு போட்டால், நடுவழியில் அந்த நேர்க்கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏறத்தாழ 5 அடி வெற்றிடம் இருப்பது நல்லது. நம் ஊரில் குறுக்கே வருவது செம்பனை. அது ஆண்டுக்கு ஓரடிக்கு மேல் வளரும். இன்று கோட்டுக்குக் கீழே இருக்கும் மட்டை சில ஆண்டில் மேலே வந்துவிடும். மழையில் நனைந்த இலை அலையை இன்னும் கூடுதலாக உறிஞ்சும். அதனால் உயரத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள். உலோகக் கம்பத்தை எர்த் செய்ய மறக்காதீர்கள்.

கரண்டு வயர் வழியே இணையம் அனுப்பும் பவர்லைன் அடாப்டரைப் பற்றியும் கேட்பார்கள். கொட்டகைக்கு வீட்டு மெயின் பெட்டியிலிருந்தே கரண்டு போனால், ஒரு கேமராவுக்கு அது உதவக்கூடும். தனி மீட்டர் இருந்தால் நம்ப வேண்டாம்.

வேலை செய்பவரிடம் என்ன சொல்வது?

எவ்வளவு வேகம் வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு கேமராவுக்கு 2 முதல் 4 எம்பிபிஎஸ், ஒரு வீடியோ வகுப்புக்கு 3 எம்பிபிஎஸ் அளவு இருந்தால் நடக்கும். கொட்டகைக்காக இணையப் பேக்கேஜை உயர்த்தச் சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். பாதை சரியில்லாத இடத்தில் எந்தப் பேக்கேஜும் எட்டாது.

தூரத்தை நாடாவால் அளந்து, நடுவில் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு தாளில் வரைந்து கொடுங்கள். எந்தக் கேபிள், எவ்வளவு ஆழம், எர்த் எங்கே என்பதை வேலை தொடங்கும் முன்னரே எழுத்தில் வாங்குங்கள். வேலை முடிந்ததும் கொட்டகைக் கதவைச் சாத்தி, அவர் எதிரிலேயே வேகத்தைச் சோதியுங்கள். குழாய் புதைந்த வழியைப் படமெடுத்து வையுங்கள். அடுத்த முறை தோண்டுகிறவருக்கு அதைக் காட்டினால் கேபிள் தப்பும்.