வயிற்றுளைவுக் கிருமியை அறிவோம்

இரத்தமும் சளியுமாக வயிற்றாலே போனால், 'சூடு' என்று நாம் வாளாவிருக்கலாகாது. பலவேளை அது ஷிகெல்லா என்னும் பற்றீரியாவின் வேலை. 1897இல் யப்பானில் கியோஷி ஷிகா இதைக் கண்டறிந்தார். இப்பேரினத்தில் டிசென்ரேரியே, பிளெக்ஸ்னரி, பொய்டியை, சொன்னை என நான்கு இனங்கள் உண்டு. முதலாவதே மிகக் கொடியது. 1994இல் ருவாண்டா அகதிகளின் கோமா முகாம்களில் பலரைப் பலிகொண்டது.

கோல் வடிவான இக்கிருமி தானாக நகராது. மனித மலத்திலிருந்து கை, ஈ, நீர், உணவு வழியாக வாய்க்கு வரும். நூறுக்கும் குறைவான கிருமிகளே நோய்தரப் போதும். ஆகவே நீரைக் கொதிக்கவைத்தால் மட்டும் போதாது. நல்ல தண்ணீர் அரிதான தீவகத்தில் ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் பகிர்கிறோம். ஒருவர் கழுவாத கை எல்லோர் பிள்ளைகளையும் தொடும். மலங்கழித்தபின்னும் உணவு தொடுமுன்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவோம். பிள்ளைக்கு இரத்தம் போனால், ஜீவனி பருக்கியபடியே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வோம்.